சுமப்பவரும் அளப்பவரும்

வரலாறு என்றதும் அரசரும் போரும் உடன்படிக்கையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், மனிதன் நாள்தோறும் கையாளும் எளிய பொருள்களுக்கும் வரலாறு உண்டு. விளக்குக்கு வரலாறு உண்டு, செருப்புக்கு உண்டு, எழுதுகோலுக்கு உண்டு. இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள், பயணத்தின்போது நாம் முதுகில் மாட்டிக்கொள்ளும் பை.

மாணவ மாணவியரே, உங்களிற் பலர் நேர்முகத் தேர்வுக்கோ, மேற்படிப்புக்கோ, முதல் வேலைக்கோ விமானம் ஏறிச் செல்லும் காலம் இது. அவ்வாறு புறப்படுமுன் கடைக்குச் சென்றால், விமானத்துள் எடுத்துச் செல்லத்தக்கவை என்று மூன்று நான்கு வகைப் பைகள் உங்கள் முன் வைக்கப்படும். எதைத் தேர்வது? விலையும் நிறமும் மட்டும் விடை சொல்லமாட்டா. அப்பையின் ஒவ்வோர் உறுப்பும் எப்போது, யாருடைய தேவைக்காக உண்டாயிற்று என்று அறிந்தவரே தெளிவாகத் தேர்வர். இவ்வரலாற்றில் இருவரை நாம் தொடர்ந்து கவனிப்போம். ஒருவர் சுமையைச் சுமப்பவர். மற்றொருவர் அச்சுமை இவ்வளவு என்று அளப்பவர். இவ்விருவரும் ஒருவராக இருந்த காலமும் உண்டு. வேறு வேறாக இருந்த காலமும் உண்டு.

1991-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் கூடும் ஆல்ப்ஸ் மலை எல்லையில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், பனியில் உறைந்த மனித உடல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என ஆராய்ச்சியாளர் கண்டனர். அம்மனிதருக்கு அறிஞர் இட்ட பெயர் ஓட்சி என்பது. அவர் அருகே செப்புக் கோடரியும் வில்லும் அம்பறாத்தூணியும் கிடந்தன. அவற்றுடன், வில்போல் வளைத்த ஒரு நீண்ட கொம்பும், இரண்டு குறுக்குப் பலகைகளும் கிடைத்தன. இவை முதுகிற் சுமை கட்டுவதற்கான சட்டத்தின் பகுதிகள் என்பதே அறிஞர் பலரின் கருத்து. பனியில் நடக்க உதவும் காலணியின் பகுதியாகலாம் என்று கருதுவோரும் உளர். அது சுமைச் சட்டமே எனின், முதுகுப்பையின் வரலாறு சக்கரம் பரவாத மலைநாட்டில், உலோகக் காலத்தின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம். அங்கே சுமந்தவரும் அளந்தவரும் ஒருவரே. மலை ஏறுபவர் தமக்கு வேண்டியதைத் தாமே கட்டித் தாமே தூக்கினார்.

நம் நாட்டில் சுமை பெரும்பாலும் தலையில் ஏறியது. தலைக்கும் சுமைக்கும் இடையே துணியைச் சுருட்டி வைக்கும் சும்மாட்டை நீங்கள் அறிவீர்கள். இரு முனையிலும் சுமை தொங்கும் காவடித் தண்டையும் அறிவீர்கள். சாலையோரத்தில் ஆளுயரத்திற் சற்றுக் குறைவாக நிற்கும் சுமைதாங்கிக் கல்லைப் பலர் பார்த்திருப்பீர்கள். வழிச்செல்வோர் பிறர் உதவியின்றித் தலைச்சுமையை அதன்மேல் தள்ளி இறக்கலாம். இளைப்பாறிய பின் மீண்டும் தலைக்கு ஏற்றலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இக்கல்லை நடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. சுமப்பவரின் உடலை எண்ணிப் பார்த்த சமுதாயம் செய்துவைத்த ஏற்பாடு அது.

தலைச்சுமையைப் பற்றி அறிவியலும் ஆராய்ந்துள்ளது. கென்யா நாட்டுப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்து நடக்கும்போது, வெறுந்தலையுடன் நடப்பதைவிட மிகுதியான ஆற்றலைச் செலவிடுவதில்லை என 1986-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. நேபாளத்தில் நெற்றிவாரில் கூடையை மாட்டி முதுகிற் சுமக்கும் ஆண்கள், தம் உடல் எடையில் சராசரியாக 93 விழுக்காடு சுமந்தனர் என 2005-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இவற்றைக் கேட்டு, மனித முதுகு எதையும் தாங்கும் என்று முடிவு செய்துவிடலாகாது. இவை இளமை முதல் பழகி வந்த திறன்கள். அவற்றைப் பழக்கியது வறுமை. அச்சுமையின் அளவைப் பெரும்பாலும் கூலி கொடுப்பவரே உறுதி செய்தார்.

அளப்பவர் வேறு, சுமப்பவர் வேறு என்னும் நிலையை மிகத் தெளிவாகக் காட்டுவது உரோமானியப் படை. கி.மு. 107-இல் உரோமின் தலைமைப் பதவியை ஏற்ற மாரியஸ் என்னும் தளபதி, படையின் பின்னே நீண்டு வரும் பொதிவிலங்குகளின் கூட்டத்தைக் குறைக்க எண்ணினார். ஆகவே, உணவும் கலங்களும் கருவிகளும் வீரரின் தோளுக்கே வந்தன. மக்கள் அவ்வீரரை ‘மாரியஸின் கோவேறு கழுதைகள்’ என்று அழைத்தனர். கி.பி. 113-இல் உரோம் நகரில் எழுப்பப்பட்ட டிரேஜன் தூணில், வீரர்கள் கவைக்கோலில் பையும் பாத்திரமும் தொங்கவிட்டுத் தோளிற் சாய்த்துச் செல்லும் காட்சியை இன்றும் காணலாம். பிற்காலத்துப் போர்நூலாசிரியரான வெஜீஷியஸ், இளம் வீரர் 60 உரோமானிய இராத்தல் சுமந்து நடக்கப் பழக வேண்டும் என்று விதிக்கிறார். நம் கணக்கில் அது 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. படை விரைந்து சென்றது உண்மை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவை வீரரின் தோள்களே.

இங்கே வரலாறு பயில்வோர்க்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல விரும்புகிறேன். சீனப் பயணியான யுவான் சுவாங்கின் படத்தை உங்கள் பாடநூலிற் பார்த்திருப்பீர்கள். ஏட்டுச் சுருள்கள் நிறைந்த உயரமான மூங்கிற்சட்டத்தை முதுகில் மாட்டி, தலைக்குமேல் நிழற்குடை கவிய, அவர் தனியே நடந்து செல்வார். அப்படம் ஜப்பானில் 14-ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டது. அஃதாவது, அவர் காலத்துக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதிவைத்த அப்பெரியார், கி.பி. 645-இல் தாயகம் திரும்பியபோது கொண்டுசென்ற நூல்கள் 657. அவற்றை 20 குதிரைகள் சுமந்தன என்று சீனக் குறிப்புகள் கூறுகின்றன. இருபது குதிரைச் சுமையை ஒருவர் முதுகு தாங்காது. அப்படியாயின் படம் பொய்யோ? அன்று. துன்ஹுவாங் குகையிற் கிடைத்த 9, 10-ஆம் நூற்றாண்டு ஓவியங்களிலும், இத்தகைய சட்டம் சுமந்த துறவிகள் காணப்படுகின்றனர். நடந்து திரிந்த துறவிகள் அத்தகைய சட்டத்தைச் சுமந்தனர் என்பதற்கு அப்படங்கள் நல்ல சான்று. யுவான் சுவாங் தம் நூல்களை எவ்வாறு கொண்டுசென்றார் என்பதற்குச் சான்று ஆகமாட்டா. எந்தச் சான்றைக் கண்டாலும், இது எதற்குச் சான்று என்று கேட்டுப் பழகுங்கள். கடையில் பையின்மேல் ஒட்டிய படத்தைக் கண்டாலும் அக்கேள்வியையே கேளுங்கள்!

இன்றைய முதுகுப்பையின் உறுப்புகள் உருவானது 20-ஆம் நூற்றாண்டில். நார்வே நாட்டினரான ஓலே பெர்கன் என்பவர், வளைந்த சட்டம் பொருத்திய பைக்கு 1909-இல் காப்புரிமை பெற்றார். வேட்டைக்குச் சென்றபோது மரக்கிளை ஒன்றைத் தம் முதுகின் வளைவுக்கேற்ப வளைத்து, அதன்மேல் பையைக் கட்டிப் பார்த்ததே தொடக்கம் என்பர். பிரிட்டிஷ் படைவீரர் தம் முதுகுப்பையை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றனர். அமெரிக்கரான லாய்ட் நெல்சன், அலாஸ்காவில் பழங்குடி மக்கள் குச்சியும் கடல்நாய்த் தோலும் கொண்டு செய்த சுமைச்சட்டத்தைப் பயன்படுத்திப் பார்த்து, அக்கருத்தைத் திருத்தி, 1920-களில் தம் பெயரால் மரச்சட்டப் பையை வெளியிட்டார். புதிய பொருள் என்று நாம் கருதும் பலவற்றின் பின்னே, பெயர் எழுதப்படாத மக்களின் பட்டறிவு நிற்பதை இங்கே காண்கிறோம்.

பெரிய மாறுதல் 1952-இல் நிகழ்ந்தது. கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர், தம் வீட்டு வாகனக் கொட்டிலில் இலேசான அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தார்; அவர் மனைவியார் பைகளைத் தைத்தார். முதலாண்டில் விற்றவை 29 பைகள். ஒவ்வொன்றின் விலை 24 டாலர். சட்டத்தின் கீழ்முனைகளைக் காற்சட்டையின் பின்பைக்குள் செருகியபோது, தோளின் பாரம் இடுப்புக்கு இறங்குவதைக் கண்டே அவர் இடுப்புவாரை அமைத்தார் என்பர். இதன் காரணத்தைச் சிந்தியுங்கள். தோள் என்பது தசைகளால் தாங்கப்பட்டுத் தொங்கும் அமைப்பு, விரைவிற் களைக்கும். இடுப்பெலும்போ கால் எலும்புகளின்மேல் நேராக அமர்ந்த பீடம். சுமை அங்கே இறங்கினால், எலும்பு தாங்கும், தசை ஓய்வுபெறும். 1967-இல் கிரெக் லோ என்னும் மலையேறுநர், சட்டத்தைப் பையின் உள்ளேயே அமைத்தார். பை உடலோடு ஒட்டி நின்றது. ஏறுபவரைப் பின்னுக்கு இழுக்கவில்லை. பளுவான பொருளை முதுகை ஒட்டி வைக்க வேண்டும் என்னும் விதியும் இதே நெம்புகோல் கணக்கே. ஒரு கிலோ முதுகிலிருந்து தள்ளிச் செல்லச் செல்ல, அதன் இழுப்பு மிகும்.

சட்டத்தோடு துணியும் மாறியது. 1935-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட நைலான், தடித்த கித்தானின் இடத்தைப் பிடித்தது. 1917-இல் காப்புரிமை பெற்ற இன்றைய வகை ஜிப், கயிறு இழுத்து மூடும் வாயின் இடத்தைப் பிடித்தது. பை இலேசாயிற்று, மலிவாயிற்று, மலையிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தகரப் பெட்டியும் துணிப்பையும் எடுத்துவந்த நம் பிள்ளைகள், முதுகுப்பை மாட்டத் தொடங்கினர்.

அங்கேதான் பழைய சிக்கல் மீண்டும் தோன்றியது. சுமப்பது பிள்ளை, அளப்பது பாடத்திட்டம். 1989-இல் எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையிற் பேசியபோது, பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமையையே பொருளாக எடுத்துக்கொண்டார். பின்னர்ப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, ‘சுமையின்றிக் கற்றல்’ என்னும் அறிக்கையை 1993-இல் அளித்தது. 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்கிறது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது, ஆறாம் வகுப்பு மாணவரின் பைகளைச் சத்துணவுக்கூடத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். 30 கிலோ எடையுள்ள சிறுவன் ஒருவன் 6 கிலோ சுமந்து வந்தான். வகுப்பறையில் ஓர் அலமாரியைச் செய்துவைத்து, பாதிக் குறிப்பேடுகளை அங்கேயே வைக்கச் செய்தோம். தராசு சொல்லும்வரை அச்சுமை எங்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. அவன் முதுகுக்கோ அது நாள்தோறும் தெரிந்திருந்தது.

இனி விமானத்துக்கு வருவோம். முற்காலத்து விமானங்களில் இருக்கைக்கு மேலே தொப்பியும் மேலங்கியும் வைக்கத் திறந்த தட்டுகளே இருந்தன. 1970-இல் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய போயிங் 747 போன்ற பெரிய விமானங்களோடு மூடிய பேழைகள் பரவின. பெட்டியை உள்ளே எடுத்துச் செல்லும் பழக்கம் வளர்ந்தது. 1972-இல் பெர்னார்ட் சாடோ சக்கரம் வைத்த பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1987-இல் விமானியான ராபர்ட் பிளாத், இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் கொண்ட நிமிர்ந்த பெட்டியை அமைத்தார். நாம் இன்று விமான நிலையத்தில் இழுத்துச் செல்வது அதன் வழிவந்ததே. 2008-இல் அமெரிக்கப் பெருநிறுவனங்கள், சரக்கறையில் ஏற்றும் முதற் பெட்டிக்கே கட்டணம் வாங்கத் தொடங்கின. கையிற் கொண்டுசெல்லும் பைக்கு மதிப்பு மேலும் உயர்ந்தது. அதன் அளவையும் எடையையும் வாயிலில் நின்று சோதிப்பதும் மிகுந்தது. நம் நாட்டு உள்நாட்டுப் பயணங்களில், சாதாரண வகுப்புப் பயணிக்குப் பொதுவாக 7 கிலோ எடையும், 55, 35, 25 சென்டிமீட்டர் அளவும் எல்லையாக வைக்கப்படுகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி சற்று மாறும், பயணச்சீட்டிற் படித்தறிக.

அம்மூன்று அளவையும் பெருக்கிப் பாருங்கள்: 48,125 கன சென்டிமீட்டர், அஃதாவது 48 லிட்டர். ஆகவே 40 லிட்டர்ப் பை அளவுக்குள் அடங்கும். ஆனால் 40 லிட்டர்ப் பையை நிறைத்தால் 7 கிலோவைக் கடப்பது எளிது. இடத்தை நம்பி வாங்குபவர் எடையில் அகப்பட்டுக்கொள்வர்.

என்னிடம் முன்பு பயின்ற இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டு குவாஹாத்தியில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டார். “ஐயா, பை வாங்கப் போகிறேன், நீங்களும் உடன் வர வேண்டும்” என்று அழைத்தார். நான் ஒரு கைத்தராசை எடுத்துக்கொண்டு சென்றேன். கடையில் மூன்று பைகள் வைக்கப்பட்டன. முதலாவது சக்கரமும் இழுகைப்பிடியும் கொண்டது. வெறும் எடை 3 கிலோ 100 கிராம். இரண்டாவது மலையேறுவோர்க்கானது, தடித்த இடுப்புவாரும் மேல்வாயும் உடையது, 1 கிலோ 900 கிராம். மூன்றாவது பெட்டிபோல் மூன்று பக்கமும் ஜிப் திறந்து மலர்வது. 1 கிலோ 300 கிராம். அவர் கொண்டுசெல்ல வேண்டியவற்றை முன்னரே வீட்டில் நிறுத்திருந்தோம். மடிக்கணினியும் அதன் மின்னேற்றியும் 2 கிலோ. சான்றிதழ்க் கோப்பு 600 கிராம். இரண்டு உடுப்பு 1 கிலோ 500 கிராம். தோற்காலணி 800 கிராம். பிற 500 கிராம். ஆக 5 கிலோ 400 கிராம்.

கூட்டிப் பார்த்தோம். சக்கரப் பையில் மொத்தம் 8 கிலோ 500 கிராம், எல்லையைக் கடந்தது. மலைப்பையில் 7 கிலோ 300 கிராம். காலணியை அணிந்துகொண்டால் எடை அடங்கும். ஆனால் அதன் உயரம் 65 சென்டிமீட்டர். மேலும், பாதுகாப்புச் சோதனையில் மடிக்கணினியை எடுக்க மேலிருந்து எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். மூன்றாவதில் 6 கிலோ 700 கிராம். அவருக்கு உண்மையில் சக்கரப் பையின்மீதே ஆசை. “அதுதானே ஐயா, எல்லோரும் வைத்திருக்கிறார்கள்?” என்றார். “தம்பி, 7 கிலோவில் 3 கிலோவைச் சக்கரத்துக்கே கொடுத்துவிட்டால், உமக்கு மிஞ்சுவது 4 கிலோதான். சான்றிதழையா விட்டுச் செல்வீர்?” என்றேன். அவர் சிரித்து மூன்றாவதை எடுத்துக்கொண்டார்.

இதனால் சக்கரப் பை தாழ்ந்தது என்று கொள்ளற்க. அறுபதைக் கடந்த எனக்குத் தோள்வலி உண்டு; நான் பயணம் செய்யும்போது சக்கரப் பெட்டியையே இழுத்துச் செல்கிறேன்; அதற்காகப் பொருளைக் குறைத்துக்கொள்கிறேன். பல நாள் மலைவழி நடப்பவர்க்குத் தடித்த இடுப்புவார் இன்றியமையாதது. விமான நிலையத்துக்குள் கால் மணி நேரம் நடப்பவர்க்கு மெல்லிய வார் போதும். இருவர்க்கும் பொதுவானது ஒன்றுண்டு. தலை குனியும்போது கழுத்தின் அடியிற் புடைக்கும் எலும்பு முதல், இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை உங்கள் முதுகின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். முதுகினும் நீண்ட பை நடக்கும்போது பின்புறத்தை இடிக்கும். இடுப்புவார் உரிய இடத்தில் அமராது. உயரம் குறைந்த மாணவியர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உளங்கொள்ளத்தக்கது. விமானத்துள் இடம் நிறைந்துவிட்டால், உங்கள் பையை வாயிலிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புவதுண்டு. பவர் பேங்க் போன்ற தனி லித்தியம் மின்கலங்கள் சரக்கறைக்குச் செல்லலாகாது. தீப்பற்றினால் அங்கே அணைப்பதற்கு ஆளில்லை. ஆகவே அவற்றையும் சான்றிதழ்களையும் மருந்தையும் உடனே உருவி எடுக்கத்தக்க ஒரு சிறு உறையில் வைத்திருங்கள். பையை வாங்கும்போது, அவ்வுறைக்கு எளிதில் திறக்கும் ஓர் அறை இருக்கிறதா என்று பாருங்கள்.

உரோமானிய வீரனுக்குத் தன் சுமையைத் தேரும் உரிமை இல்லை. நேபாளத்துச் சுமைகாரர்க்கும் அது அரிது. ஆறாம் வகுப்புச் சிறுவனுக்காகப் பெரியவர் பேச வேண்டியிருந்தது. உங்களுக்கோ, விமான நிறுவனம் இட்ட எல்லைக்குள், என்ன சுமப்பது, எதில் சுமப்பது என்று நீங்களே முடிவு செய்யும் வாய்ப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். முதலிற் பொருளை நிறுத்துப் பாருங்கள்; பிறகு பையை நிறுத்துப் பாருங்கள்; இரண்டையும் சேர்த்து முதுகில் மாட்டி, வீட்டு மாடிப்படியை இருமுறை ஏறி இறங்குங்கள். அதன்பின் எந்தப் பை என்பதை உங்கள் முதுகே சொல்லிவிடும்.